எமது புற்றுநோயாளர் உதவிச் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, வெளிநாட்டில் இருந்து கைகொடுக்கும் உறவுகளே, வணக்கம்.

கூட்டங்கள் வழமைபோல நடந்தன, வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எங்களை இந்த வருடம் அதிகம் அலைக்கழித்த விடயத்துக்கு நேரே வருகிறேன். சிகிச்சையைத் தொடங்கிவிட்டு இடையில் நின்றுவிடுகிற ஆட்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எங்களுக்குக் கிடைத்த பெரிய கொடை. 2011இல் நாட்டின் தென்முனையான தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாட்கள் நடந்து சேர்த்த காசில் எழுந்த கட்டடம் அது. வழிநெடுகச் சனம் போட்ட காசும் அதில் இருக்கிறது. மருந்து ஏற்றுகிற கீமோவும் கதிர்ச்சிகிச்சையும் அங்கேயே இலவசம். புற்றுநோய் உடம்பில் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று பார்க்கிற பெட் ஸ்கான் போன்ற சிலவற்றுக்குத்தான் கொழும்புக்குக் கிட்டவுள்ள மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு இரவு பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

ஆனால் கதிர்ச்சிகிச்சை ஒருநாளில் போய் வருகிற வேலை இல்லை. பலருக்குக் கிழமையில் ஐந்து நாள், அப்படி ஐந்து ஆறு கிழமை போக வேண்டும், ஒவ்வொரு முறையும் மேசையில் படுத்திருப்பது சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்துக்காக நெடுந்தீவில் இருக்கிற ஒருவர் விடியப் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, யாழ்ப்பாணத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து தெல்லிப்பழைக்கு இன்னொரு பஸ் பிடித்து, பிறகு அதே வழியால் திரும்ப வேண்டும், கடல் குழம்பினால் அதுவும் இல்லை. நாட்கள் தவறினால் மிஞ்சியிருக்கிற புற்றுநோய்க் கலங்கள் அந்த இடைவெளியில் திரும்பப் பெருகத் தொடங்கும். வாய், தொண்டை, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களில் இந்தத் தாமதம் பெரிய ஆபத்து.

மார்பகச் சத்திரசிகிச்சை முடிந்து கதிர்ச்சிகிச்சைக்கு வந்த புங்குடுதீவு அம்மா ஒருவர், கதிர் படவேண்டிய இடத்தைக் காட்டத் தோலில் மையால் போட்ட கோடுகள் பஸ்ஸில் வேர்த்து அழிந்துவிடுமோ என்று பயந்து, சட்டைக்குள் பழைய வேட்டித் துணியை மடித்து வைத்துக்கொண்டு வந்தார். மங்கினால் திரும்பக் கீறிவிடுவோம், தேய்த்துக் குளிக்காமல் இருந்தால் போதும் என்று அங்கு வேலைசெய்கிற பிள்ளைகள் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. மல்லாகத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்க இடம் கிடைத்ததால் முழுவதையும் முடித்தார். அப்படி ஒரு வீடு இல்லாத ஐயா ஒருவர் மூன்றாம் கிழமையோடு நின்றுவிட்டார். போய்க் கேட்டோம். "நோ குறைஞ்சிட்டுது தம்பி, இனிக் காணும்" என்றார். அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனோம்தான், ஆனால் போன நாட்கள் போனவைதான்.

கீமோ எடுப்பவர்களுக்கு வேறு கரைச்சல். மருந்து ஏற்றுமுன் இரத்தம் பார்ப்பார்கள், கிருமியை எதிர்க்கிற வெள்ளைக் கலங்கள் குறைவாக இருந்தால் அடுத்த கிழமை வரச் சொல்வார்கள். அது சரியான முடிவு, மறு பேச்சில்லை. ஆனால் அதைக் கேட்பதற்காகக் கடல் தாண்டி வருவது கொடுமை. அதனால் வைத்தியரின் சம்மதத்தோடு சிலருக்கு முதல் நாளே வீட்டுக்குக் கிட்டவுள்ள இடத்தில் இரத்தம் எடுத்துப் பார்க்க ஒழுங்கு செய்தோம். இது நல்ல பலன் தந்தது, இதைத் தொடர வேண்டும்.

பிந்தி வருகிறவர்கள் பிரச்சினை அப்படியே இருக்கிறது. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய், பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய். புகையிலை போடாமல் வெறும் பாக்கு மென்றாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே அறிவித்துவிட்டது, எங்கள் வீடுகளில் வெற்றிலைத் தட்டம் இன்னும் திண்ணையில்தான். வாயில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இரண்டு மூன்று கிழமைக்கு மேல் இருந்தால் உடனே காட்டுங்கள். அப்புறம், மகளின் கலியாணப் பேச்சு குழம்பும் என்று தாயின் நோயை மறைக்கிற வீடுகளுக்கும் சொல்கிறேன், தயவுசெய்து மறைக்காதீர்கள். மறைத்து வைத்த கட்டி வளரும்.

2017இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கிற எச்பிவி தடுப்பூசி போடுகிறார்கள். கையெழுத்துப் போடத் தயங்கிய பெற்றோரோடு குடும்பநல உத்தியோகத்தர்களும் நாங்களும் உட்கார்ந்து கதைத்தோம், பெரும்பாலானோர் சம்மதித்தார்கள். 35, 45 வயதுப் பெண்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய்க் கருப்பைக் கழுத்தைச் சோதிப்பதுதான் இன்னும் குறைவு.

வரும் வருடத்துக்கு நிர்வாகம் முன்வைப்பது ஒன்றுதான். தெல்லிப்பழைச் சந்திக்குக் கிட்ட ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, தீவுகளிலிருந்தும் வன்னியிலிருந்தும் வருகிறவர்கள் சிகிச்சை முடியும்வரை இலவசமாகத் தங்க விடுவது. இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை, மாகாண சுகாதார அமைச்சுக்கும் எழுத இருக்கிறோம். பதில் வரும்வரை நோய் காத்திருக்காது. கிணறும் கழிப்பறையும் உள்ள, படியேறத் தேவையில்லாத வீடு தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.

இவ்வண்ணம்,
செயலாளர்