ஏழரை இறங்கியது

பள்ளத்தூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரமாகிறது. உடனே பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமன்று. தோப்பில் உள்ள போரிலிருந்து, அதாவது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து, மோட்டாரைத் தூக்கி, வேறொன்றை மாற்றி இறக்கி ஓட்டிப் பார்ப்பதிலேயே அந்த மூன்று வாரமும் போய்விட்டது. கோவையில் முப்பது ஆண்டு மோட்டார்ப் பட்டறை நடத்தியவனுக்கு இதை எழுதுவது கொல்லர் தெருவில் ஊசி விற்பதுதான் என்றாலும், உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

தண்ணீருக்குள்ளேயே ஓடும் என் ஏழரை ஹெச்.பி. சப்மெர்சிபிள் மோட்டாரில், உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பியான காயில் நான்கு ஆண்டுகளில் மூன்று முறை எரிந்தது உனக்குத் தெரியும். மூன்றாம் முறை கட்டக் கொடுத்தபோது, "ஏழரை உங்களை விடாது போலிருக்கிறதே" என்று காயில் கட்டுபவரே சிரித்தார். அன்றுதான், இந்த மோட்டார் உண்மையில் எவ்வளவு மின்சாரத்தைத் தின்று எவ்வளவு தண்ணீர் தருகிறது என்று ஒருமுறையாவது அளந்து பார்ப்போமே என்று தோன்றியது. என் இணைப்புக்கு மீட்டர் கிடையாது. தெரிந்த எலக்ட்ரீசியனிடம் ஒரு மீட்டரை இரவல் வாங்கி ஸ்டார்ட்டர் பெட்டியில் பொருத்தினேன். குழாய் வாயில் இருநூறு லிட்டர் டிரம்மை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டிரம் நிறைய எழுபது வினாடி ஆயிற்று. மணிக்கு ஆறரை யூனிட் ஓடியது. ஐம்பது மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வந்தது ஏறத்தாழ 1,580 லிட்டர்தான். இழப்பே இல்லாத ஒரு பம்பு இருக்குமானால் அதே யூனிட்டில் 7,300 லிட்டருக்கு மேல் தூக்கியிருக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்குதான் தண்ணீராகிறது, மற்றதெல்லாம் சூடாகவும் சத்தமாகவும் போகிறது என்பதை அந்த டிரம்மின் பக்கத்தில் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

காரணம் ஒன்றல்ல. பம்பை விற்றவர் தண்ணீர் மட்டம் எவ்வளவு என்று கேட்கவே இல்லை. "பெரிதாகப் போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்" என்று நூறு மீட்டருக்குத் தூக்கும் பம்பைக் கொடுத்துவிட்டார். போரில் அவ்வளவு ஊற்று இல்லாததால் கேட் வால்வைப் பாதி மூடி வைத்தே இத்தனை ஆண்டும் ஓட்டியிருக்கிறேன். ஒரு கையால் மாட்டை அடித்து ஓட்டிக்கொண்டே மறு கையால் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிக்கிற வேலை அது. பம்பைப் பிரித்துப் பார்த்தால், செம்மண் கலந்த மணல் அரித்து, தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரங்களான இம்பெல்லர்களின் விளிம்பு ஆடு கடித்த இலைபோல இருந்தது. தொட்டிக்கு வரும் குழாயில் ஐந்து வளைவு. அது போதாதென்று, தண்ணீர் அருவிபோல் விழுவதைப் பார்க்க அழகாக இருக்கிறதென்று குழாய் வாயைத் தொட்டிக்கு மேலே எட்டடி உயரத்தில் வைத்தவனும் நானே. அந்த அழகுக்கு எட்டடித் தூக்குச் செலவு தினமும் ஆகியிருக்கிறது!

இப்போது ஐந்து ஹெச்.பி.யில், என் ஆழத்துக்கும் ஊற்றுக்கும் பொருந்துகிற, மின்சிக்கனத்துக்கான ஐந்து நட்சத்திரக் குறி உள்ள பம்புசெட்டை இறக்கியிருக்கிறேன். இரண்டு அங்குலக் குழாயை இரண்டரை ஆக்கினேன். அதே அளவு தண்ணீர் ஓடினால் உராய்வு இழப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்று நீ எப்போதோ சொன்னது நினைவிருந்தது. குழாய் வாயையும் தாழ்த்திவிட்டேன். அதே டிரம் ஐம்பத்தெட்டு வினாடியில் நிறைகிறது. மணிக்கு நான்கு யூனிட்டைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான்.

உன் கேள்வி எனக்குக் கேட்கிறது: மின்சாரம் இலவசமாயிற்றே, உனக்கு என்ன லாபம்? 1970களில் மின்கட்டணத்துக்காக உங்கள் ஊர் உழவர்கள் மாட்டுவண்டிகளை நகருக்குள் ஓட்டிவந்து போராடினார்கள். 1990இல் கட்டணமே இல்லாமல் போயிற்று. அந்த உரிமையை விட்டுக்கொடுக்க நானும் தயாரில்லை. ஆனால் கட்டணம் போனதோடு கணக்கும் போய்விட்டது. எங்கள் டிரான்ஸ்பார்மரில் எல்லாரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருப்பதால், மும்முனை மின்சாரம் வந்த நொடியில் எல்லா மோட்டாரும் ஒன்றாக எழுந்து, வோல்டேஜ் படுத்து, காயில் எரிகிறது. மின்வாரியம் பில் அனுப்பவில்லை, உண்மைதான். காயில் கட்டுபவர் அனுப்புகிறாரே!

ஒரு பயமும் உண்டு. தண்ணீர் எளிதாக வருவதால் முதல் வாரம் பழையபடி ஆறு மணி நேரமும் ஓடவிட்டேன்; தென்னம்பாத்திகள் தளும்பி நின்றன. நல்ல பம்பு போரை விரைவில் வற்றடிக்கவும் வல்லது. கூரையில் விழும் மழையை முற்றத்தில் வாங்கிப் பிடித்த வீடுகளும் ஊருக்கு ஊர் ஊருணியும் உள்ள இந்தச் சீமையில் அப்படிச் செய்ய வெட்கமாக இருந்தது. இப்போது மூன்று மணி நேரத்தோடு நிறுத்திவிட்டு, பாத்திகளில் தேங்காய் மட்டையைப் பரப்பியிருக்கிறேன். முன்பு நாளொன்றுக்கு முப்பத்தொன்பது யூனிட் ஆன இடத்தில் இப்போது பதின்மூன்றுகூட ஆவதில்லை. சொட்டுநீர் மானியத்துக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், வரட்டும்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. பழைய ஏழரை கொட்டகையில் கிடக்கிறது. கல்லலில் இருக்கும் என் மைத்துனர் அதைத் தன் போருக்குக் கேட்கிறார். மறுத்தால் மனத்தாங்கல் வரும். கொடுத்தாலோ, நான் இங்கே மிச்சம் பிடித்ததை அது அங்கே போய்த் தின்னும். இம்பெல்லரை மாற்றி, ஸ்டேஜை (ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இம்பெல்லர் அடுக்குகளை) குறைத்து அவருடைய ஆழத்துக்கு அதைப் பொருத்த முடியுமா, அல்லது செம்பை எடைக்குப் போட்டுவிடட்டுமா? அவர் போரில் தண்ணீர் மட்டம் முப்பது மீட்டர், ஊற்றும் சுமார்தான். அவர் வண்டியோடு வருவதற்குள் பதில் எழுது.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்