எனக்கு நினைவில்லாத உதவிகளுக்கு நன்றி

மார்த்தாண்டத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், 2020 ஏப்ரலில் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை சோதனைச்சாவடியில் பணியில் இருந்தவர்களுக்கும் வணக்கம்.

உதவி வாங்கியவன் நன்றி சொல்வதில் என்ன சிரமம் என்று கேட்பீர்கள். எனக்குச் சிரமம்தான். நீங்கள் செய்ததில் பாதியை நான் பார்க்கவே இல்லை. வலிப்பு வந்தால் எனக்கு நினைவு தப்பிவிடும். கண் திறக்கும்போது நாக்கு கடிபட்டிருக்கும், சட்டையெல்லாம் மண்ணாக இருக்கும், நாலைந்து முகங்கள் மேலே தெரியும். நடுவில் நடந்ததை யாராவது சொன்னால்தான் உண்டு. அதனால் இந்த மடலை எழுதுவதற்கு முன்னால் பலரிடம் போய், அன்றைக்கு என்னதான் நடந்தது என்று விசாரித்தேன். ஒருவர் சொன்னதற்கும் இன்னொருவர் சொன்னதற்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது. இரண்டு பேர் சொல்லி ஒத்துப்போனதை மட்டும் எழுதுகிறேன். பெயர் எதுவும் போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் மருந்துக்கடை அண்ணன்.

எனக்குப் பள்ளிக்கூடம் படிக்கும்போதே ஃபிட்ஸ் வந்துவிட்டது. பார்ப்பது திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரியில். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, தலையில் கோளாறு, நெஞ்சில் கோளாறு என்றால் நமக்கு மதுரையைவிட அதுதான் பக்கம். காலை பஸ்ஸைப் பிடித்தால் ஓ.பி. நேரத்துக்குப் போய்விடலாம். 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 போட்டார்கள். அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. நடந்தே போய்விடலாம் போல இருந்த கேரளா திடீரென்று வெளிநாடு ஆகிவிட்டது.

லெவெடிரசெட்டம், க்ளோபசாம் என்று இரண்டு மாத்திரை சாப்பிடுகிறேன். இவற்றைச் சட்டென்று நிறுத்தினால் நின்றுபோன வலிப்பு திரும்பி வரும். சிலருக்கு ஒன்று முடிவதற்குள் அடுத்தது என்று விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். அந்த அண்ணனுக்கு இது தெரிந்திருந்தது. நாகர்கோவில் ஸ்டாக்கிஸ்டை நாள் தவறாமல் போனில் பிடித்துத் தொந்தரவு செய்தார். வந்த அட்டைகளையும் எனக்கு மொத்தமாகத் தரவில்லை, பத்து நாளைக்கு மட்டும் எண்ணிக் கொடுத்தார். அப்போது எனக்குக் கடுப்பாகத்தான் இருந்தது. அதே மாத்திரை சாப்பிடும் இன்னும் சிலருடைய பெயரை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, யாருக்கும் இல்லாமல் போய்விடாதபடி பிரித்துக் கொடுத்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. நன்றி அண்ணே. அந்த நோட்டை ஒருநாள் காட்டுங்கள்.

அப்புறம் டாக்டர். போனில் பார்த்து மருந்து எழுதலாமா கூடாதா என்பதற்கு அதுவரை தெளிவான விதி இல்லை. தொலைமருத்துவ வழிகாட்டுதலை மத்திய அரசு வெளியிட்டது 2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கு தொடங்கிய அதே நாளில். அந்தக் கோடையில் டாக்டர் என்னை அம்மாவின் போன் திரையில்தான் பார்த்தார். என்னிடம் கேட்டதைவிட அம்மாவிடம்தான் அதிகம் கேட்டார்: தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு நேரம், முடிந்ததும் பேச்சு வருகிறதா. ராத்திரி இரண்டு மணிவரை கொரோனா செய்தி பார்ப்பதை நிறுத்தச் சொன்னார். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். காய்ச்சல் வந்தால் உடனே பாராசிட்டமால், காய்ச்சலே வலிப்பைக் கிளப்பிவிடும் என்றார். கொரோனாவுக்கு மருந்து என்று நம்பி ஹைட்ராக்சிகுளோரோகுவின் மாத்திரையை ஆளாளுக்கு வாங்கிப் பதுக்கிய சமயம் அது. வலிப்பு உள்ளவன் அதைத் தானாக வாங்கி விழுங்கவே கூடாது என்று கண்டித்துச் சொன்னார். மாமா எங்கிருந்தோ வாங்கி வந்திருந்த ஒரு அட்டை அன்றே அலமாரியைவிட்டுப் போனது.

ஏப்ரல் கடைசியில் க்ளோபசாம் இந்தப் பக்கம் எங்கும் கிடைக்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் இருக்கும் அக்கா ஒருவர் (உறவு ஒன்றும் இல்லை, ஓ.பி. வரிசையில் பழக்கம், அவர் மகனுக்கும் இதே நோய்) தன் பக்கத்துக் கடையில் வாங்கி, எல்லைவரை வந்தார். நான் இந்தப் பக்கம் நிற்கிறேன், அவர் அந்தப் பக்கம். நடுவில் தடுப்பு. கேரளப் போலீஸ்காரர் கவரை வாங்கி, நம் போலீஸ்காரரிடம் நீட்டினார். இவர் அதன்மேல் சானிட்டைசரை அடித்த அடியில், எப்படிச் சாப்பிட வேண்டும் என்று கவரில் பேனாவால் எழுதியிருந்தது முழுக்க நீலமாக ஓடிவிட்டது. நான் முழிப்பதைப் பார்த்து அக்கா அங்கிருந்தே கத்தினார், "ராத்திரி ஒண்ணு, ராத்திரி மட்டும்!" இரண்டு மாநிலப் போலீசும் சிரித்துவிட்டார்கள். ஐயா, ஒரு பொட்டலத்தைக் கைமாற்றியது உங்களுக்குச் சின்ன விஷயமாக இருந்திருக்கும். அந்த மாதம் நான் விழாமல் இருந்தது அதனால்தான்.

ஜூனில் விழுந்தேன். ரேஷன் கடை வாசலில்.

இலவச அரிசிக்கு வரிசை. தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு ஆளுக்கொன்றில் நிறுத்தியிருந்தார்கள். வெயில், முகத்தில் மாஸ்க். கைகள் வெட்டுவது வரைதான் எனக்குத் தெரியும். இனி மற்றவர்கள் சொன்னது.

விழுந்ததும் வரிசை சிதறியிருக்கிறது. கொரோனாவில்தான் விழுந்துவிட்டான் என்று யாரோ கத்த, எல்லோரும் பின்வாங்கியிருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த ஜூனில் நானும் பின்வாங்கியிருப்பேனோ என்னவோ. குளச்சலில் இருந்து மீன் கொண்டுவரும் அக்கா மட்டும் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து மாஸ்க்கைக் கழற்றி, சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்து, என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ரேஷன் பையை மடித்துத் தலைக்குக் கீழே வைத்திருக்கிறார். அந்த நேரம் ஒருவர் வழக்கம்போல் சாவிக்கொத்தை நீட்ட, "சாவிய எடுத்துட்டுப் போ மக்கா, மூச்சு விட எடம் விடு" என்று விரட்டினாராம். இத்தனை வருடத்தில் என் கையில் திணித்த சாவிகளை எல்லாம் வைத்திருந்தால் ஒரு பூட்டுக்கடை போட்டிருப்பேன். இரும்பு ஒன்றும் செய்யாது. வாயில் எதையும் வைக்கவும் கூடாது, கைகாலை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. அக்காவுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். தம்பிக்கு உண்டு என்றார். எச்சில் வழிந்த என் வாயைத் தன் முந்தானையால் துடைத்ததை மட்டும் அவர் சொல்லவில்லை, கடைக்காரர்தான் சொன்னார்.

கல்லூரிப் பையன் ஒருவன் போனில் நேரம் பார்த்திருக்கிறான். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று எங்கேயோ படித்தானாம். அதற்குள் நின்றுவிட்டது. ஆட்டோ அண்ணன் ஏற்றிக்கொண்டு போக, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொரோனா டெஸ்ட் முடிவு இல்லாமல் உள்ளேயே விடவில்லை. அவர் அங்கே சண்டை போட்டு நேரத்தை வீணாக்காமல் அம்மாவிடம் வீட்டில் கொண்டுவந்து விட்டு, நான் தூங்கி எழுந்து பேசும்வரை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். வாடகை வாங்கவில்லை.

இதையெல்லாம் வெளிப்படையாக எழுத வேண்டுமா என்று வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. கல்யாணம் ஆகாத பையன், ஊருக்கெல்லாம் ஏன் சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் கவலை. அந்தக் கவலை வானத்திலிருந்து குதிக்கவில்லை. அடிக்கடி வலிப்பு வருகிறவர் மணம் செய்யக்கூடாது என்று இந்துத் திருமணச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. 1999-இல்தான் அதை நீக்கினார்கள். சட்டம் மாறிவிட்டது, தரகர்கள் மாறவில்லை. ஆனால் ரேஷன் கடை வாசலில் அத்தனை பேர் பார்த்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது? கடைசியில் அம்மாவே, "எழுது, அந்த மீன்காரப் பிள்ளையை விட்டுடாதே" என்றார்.

கடைசியாக, ஆரம்ப சுகாதார நிலைய சிஸ்டர். 2021-இல் தடுப்பூசி வந்தபோது, ஃபிட்ஸ்காரன் போடக்கூடாது என்று ஆளுக்கொரு கதை. டாக்டர் போடலாம் என்று சொல்லியும் எனக்குப் பயம். சிஸ்டர் ஊசி போட்டுவிட்டு, அரை மணி நேரம் தன் மேசைக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார். காய்ச்சல் வந்தால் போட பாராசிட்டமாலைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். ராத்திரி போன் போட்டு, "வழக்கமான மாத்திரையைப் போட்டாச்சா?" என்று கேட்டார். போட்டேன் சிஸ்டர். காய்ச்சலும் வந்தது, வலிப்பு வரவில்லை.

நேரம் பார்த்த அந்தப் பையன் யார் என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. நீல சட்டை, உண்ணாமலைக்கடை பக்கம் என்று சிலர் சொல்கிறார்கள். தம்பி, இதைப் படித்தால் மருந்துக்கடை அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லி வை. மாதத்தின் முதல் வாரம் மாத்திரை வாங்க நான் அங்கேதான் வருவேன்.