ஐந்து வரி ஒரு வரியாகும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு அரையாண்டு மதிப்பெண் பட்டியலில் மாணவருக்கு ஐந்து வரி, பாடத்துக்கு ஒன்றாக இருந்தால், அதை ஒரே வரியாக்க எக்செலில் பிவட் டேபிளே போதும் என்கிறது தங்கள் கணினிப் பகுதியில் வந்த குறிப்பு. பட்டியலில் பிழையே இல்லையென்றால் போதும்தான். எந்தப் பள்ளிப் பட்டியல் அப்படி வருகிறது?

பிவட் டேபிள் கூட்டிப்போடும் கருவி. கணக்கில் ஒருவர் எடுத்த 48 கைதவறி இருமுறை ஏறியிருந்தால் 96 என்று காட்டும். நூற்றுக்குள் இருப்பதால் யார் கண்ணையும் உறுத்தாது. 'ஆப்சென்ட்' என்ற எழுத்து 0 ஆகிவிடும்; தேர்வுக்கே வராதவரும் எழுதி முட்டை வாங்கியவரும் ஒன்றாகிவிடுவார்கள்.

பட்டியலைச் சீர்செய்து வடிவம் மாற்ற எக்செல் 2016 முதல் கூடவே வரும் கருவியான பவர் குவெரி இதற்குச் சரியானது. பட்டியலுக்குள் கர்சரை வைத்து, டேட்டா மெனுவில் 'ஃப்ரம் டேபிள்/ரேஞ்ச்' கொடுங்கள். திறக்கும் பவர் குவெரி சாளரத்தின் வலப்பக்கம் தானாக ஏறியிருக்கும் 'சேஞ்ஜ்டு டைப்' படியை உடனே அழித்துவிடுங்கள். அது முதல் 200 வரிகளை மட்டும் பார்த்து, மதிப்பெண் எல்லாம் எண் என்று முடிவுகட்டும். 250ஆம் வரியில் வரும் 'ஆப்சென்ட்' எரர் ஆகிவிடும். எழுத்தாகப் பதிந்த 007 என்ற பதிவெண்ணும் 7 ஆகும்.

அடுத்து, பதிவெண், பாடம், மதிப்பெண் மூன்றைத் தவிர மற்ற நெடுவரிசைகளை நீக்குங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். 'பதிவேற்றிய நேரம்' போல வரிக்கு வரி மாறும் ஒன்று மிஞ்சினாலும் வரிகள் சேராது. தமிழ் ஒரு வரியில், ஆங்கிலம் அடுத்த வரியில் என்று மதிப்பெண்கள் படிக்கட்டாய் இறங்கும், மற்ற கட்டங்களெல்லாம் 'நல்' (null), அதாவது வெறுமை. பெயரும் அப்படித்தான்: 'சு. கவிதா', 'கவிதா சு.' என்று இருந்தால் ஒரே மாணவிக்கு இரண்டு வரி. பெயரைக் கடைசியில், பதிவெண்ணை வைத்துத் தேடித்தரும் வி-லுக்அப் சூத்திரம் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

பாடத்தில் 'ட்ரிம்' கொடுத்து முன்பின் உள்ள வெற்றிடங்களை நீக்கி, 'கணக்கு', 'கணிதம்' இரண்டையும் ஒன்றாக்குங்கள். பிறகு பாடத்தைத் தேர்ந்து 'பிவட் காலம்' (Pivot Column), மதிப்பாக மதிப்பெண், 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே 'டோண்ட் அக்ரிகேட்' (கூட்டித் தொகுக்காதே). இந்தக் கடைசித் தேர்வுதான் முக்கியம். இருமுறை ஏறிய பாடத்தின் மதிப்பெண் இப்போது கூட்டப்படாது. அந்தக் கட்டத்தில் எரர் என்று நிற்கும். ஷீட்டில் இறக்குவதற்கு முன்பே அதைப் பார்த்துத் திருத்த வேண்டும், இறக்கினால் எரர் கட்டம் வெறுமையாகிவிடும்.

120 மாணவர் என்றால் 600 வரி 120 ஆக வேண்டும். 120 வந்தும் ஒரு கட்டம் 'நல்' என்றால் அந்தப் பாடத்தின் வரியோ மதிப்பெண்ணோ மூலப் பட்டியலில் ஏறவே இல்லை. அங்கே 0 போட்டு நிரப்பாமல் விடைத்தாள் கட்டைப் பிரித்துப் பார்க்கவும்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர் ஒருவர்,
மதுரை