21 மி.மீ. பாதை கண்காட்சிக்கு வரும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சி என்றாலும் பொழுதுபோக்குக் கண்காட்சி என்றாலும் மாதிரிப் புகையிரதம் ஓடும் மேசையைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். அந்த மேசையில் இருப்பது பெரும்பாலும் பெட்டியோடு வாங்கிய, இரு தண்டவாளங்களுக்கும் இடையே 16.5 மி.மீ. அகலமுள்ள பாதை. திருகோணமலையில் இனிமேல் மாதிரிப் பாதை வைக்க நினைப்பவர்கள் அகலப் பாதையை அதன் சரியான அகலத்திலேயே செய்து வைக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. அதற்கு அயர்லாந்துப் பாதையில் தொடங்குவதே வசதி. இப்படி ஒரு பாதையைக் கட்டுபவருக்கும், அதற்கு மண்டபத்தில் இடம் கொடுக்கும் ஏற்பாட்டாளருக்கும் தெரிந்திருக்க வேண்டிய சிலவற்றை எழுதுகிறோம்.

முதலில் அளவு. ஓர் அடிக்கு 4 மி.மீ. என்ற அளவுத்திட்டத்தில் (1:76.2) 16.5 மி.மீ. என்பது 4 அடி 1½ அங்குலம். அயர்லாந்தின் பாதை 5 அடி 3 அங்குலம், நமது பாதை 5 அடி 6 அங்குலம். அயர்லாந்து எஞ்சினை 16.5 இல் நிறுத்தினால் பாதை 13½ அங்குலம் ஒடுங்கிவிடும். நமது எஞ்சினை நிறுத்தினால் 16½ அங்குலம். முன்னால் நின்று பார்த்தால் உடல் அகலமாகவும் கால் ஒடுங்கியும் தெரியும், அதை எந்த வர்ணப்பூச்சும் மறைக்காது. சரியான அகலம் அயர்லாந்துக்கு 21 மி.மீ., நமக்கு 22 மி.மீ. இரண்டுக்கும் வழக்கமான கடைகளில் ஆயத்தப் பாதை கிடையாது. கையால்தான் போட வேண்டும்.

அயர்லாந்துக்கு இந்த அகலம் வந்த கதையைக் கண்காட்சிப் பலகையில் நான்கு வரியில் எழுதிவிடலாம். 1834 இல் திறந்த டப்ளின் – கிங்ஸ்டவுன் பாதை 4 அடி 8½ அங்குலம். அல்ஸ்டர் கம்பனி 6 அடி 2 அங்குலத்தில் போட்டது. டப்ளின் – ட்ரொஹெடா கம்பனி 5 அடி 2 அங்குலத்தைத் தெரிந்தெடுத்தது. சண்டை அரசாங்கத்திடம் போக, மேஜர் ஜெனரல் பாஸ்லி 5 அடி 3 அங்குலத்தைச் சிபாரிசு செய்தார், 1846 இல் அது சட்டமானது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் பிரேசிலிலும்கூட இதே அகலம் இருக்கிறது.

நமது புகையிரதப் பகுதியின் எம்2 டீசல் எஞ்சினை விட்டுவிட்டு ஏன் அயர்லாந்து என்று கேட்பார்கள். அயர்லாந்தின் 121, 141 வகுப்பு டீசல் எஞ்சின்களின் 4 மி.மீ. மாதிரிகள் ஆயத்தமாக விற்பனைக்கு வந்திருக்கின்றன. நமது எம்2வுக்கு உடலையே புதிதாகச் செய்ய வேண்டும். உறவும் இல்லாமல் இல்லை. கனடாவிலிருந்து 1954 இல் வரத் தொடங்கிய எம்2வும், அமெரிக்காவிலிருந்து 1961 இல் அயர்லாந்து போன 121உம் ஜெனரல் மோட்டர்ஸின் 567 வரிசை டீசல் இயந்திரத்தை உள்ளே கொண்டவை. 21இல் கைபழகியவருக்கு 22 கஷ்டமாக இராது. ஒரு கவனம்: 121க்கு ஒரு பக்கம் மட்டுமே ஓட்டுநர் அறை. திருப்புமேடை இல்லாத நிலையம் என்றால் இரு பக்கமும் அறை உள்ள 141 நல்லது.

பாதையைச் செம்பு பூசிய சர்க்கிட் பலகைத் துண்டுகளைச் சிலிப்பர்க் கட்டையாக வைத்து, அதன்மேல் தண்டவாளத்தைச் சோல்டர் பண்ணிப் போடலாம். ஒவ்வொரு துண்டிலும் நடுவில் செம்பை அரத்தால் கீறிப் பிரிக்காவிட்டால் சோர்ட் ஆகும். ஆயிரம் துண்டில் ஒன்றைத் தவறவிட்டால் அதைத் தேடுவதிலேயே ஒரு நாள் போகும். ஆகவே பத்துத் துண்டு போட்டதும் மீற்றர் வைத்துப் பார்த்துவிட்டே அடுத்ததற்குப் போக வேண்டும். தண்டவாளம் நிக்கல் சில்வராகவே இருக்கட்டும். உருக்குத் தண்டவாளம் பார்வைக்கு அழகுதான், ஆனால் எங்கள் ஊர்க் கடற்காற்றில் சீக்கிரமே துருப்பிடிக்கும். சோல்டருக்குப் பூசும் அமிலத்தை அன்றே தண்ணீரால் கழுவிவிட வேண்டும். கழுவாத மூட்டு உப்புக் காற்றில் பச்சை பூத்து, மாரி முடியும்போது கையோடு கழன்று வரும்.

உண்மையான சோதனை, ஒரு பாதை இரண்டாகப் பிரியும் பொயின்ட்டில் இருக்கிறது. பி4 நியமத்தை (4 மி.மீ. அளவுத்திட்டத்தில் 4 அடி 8½ அங்குலப் பாதையை 18.83 மி.மீ. இல் நுணுக்கமாகச் செய்வோரின் அளவுகள்) 21 மி.மீ.க்கு விரித்தால், சக்கரங்களின் உட்புறத்துக்கு உட்புறம் 19.84 இலிருந்து 19.92 மி.மீ. வரை இருக்கலாம். இரு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் கிராசிங்கிலும், அதற்கு எதிரே தண்டவாளத்தின் உட்புறத்தில் போடும் செக் ரெயிலிலும் சக்கர விளிம்பு போகும் இடைவெளி 0.68 மி.மீ. செக் ரெயிலின் வேலை, ஒரு சக்கரத்தின் முதுகைப் பிடித்து இழுத்து, மற்றச் சக்கரத்தின் விளிம்பு கிராசிங்கின் கூர்முனையில் மோதாமல் காப்பது. உட்புற அளவு 19.92ஐத் தாண்டினால் விளிம்பு கூர்முனையில் முட்டும். மிகவும் குறைந்தால் சக்கரத்தின் முதுகு செக் ரெயிலில் இறுகி மேலே ஏறும். இரண்டுக்கும் நடுவே கிடைப்பது ஒரு தாளின் தடிப்பு அளவு இடம். அதனால் 'இந்தப் பெட்டி மட்டும் இந்தப் பொயின்ட்டில் விழுகிறது' என்று வந்தால் தண்டவாளத்தை வளைக்கப் போகக் கூடாது. முதலில் பெட்டியைத் தூக்கிச் சக்கரத்தை அளக்க வேண்டும். பிளாஸ்ரிக் புஷ் போட்ட சக்கரம் சூட்டில் தளர்ந்து அச்சில் நகரும். பூட்டிய வான் வண்டியில் மதிய வெயிலில் இருந்து வந்த பெட்டிகள் ஒவ்வொன்றையும் ஓடவிடுமுன் அளப்பது அவசியம்.

ஆயத்த எஞ்சினின் சக்கரத்தை அப்படியே வெளியே தள்ளினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அந்தச் சக்கரத்தின் விளிம்பு 0.68 மி.மீ. இடைவெளிக்குத் தடிப்பு, ஆழமும் அதிகம். மெல்லிய சக்கரமும் நீளமான அச்சும் போட வேண்டும். ஒவ்வொரு சக்கரமும் 2.25 மி.மீ. வெளியே போவதால் கரன்ட் எடுக்கும் தகடு எட்டாது, அதையும் நீட்ட வேண்டும். போகியின் (எஞ்சினின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டகத்தின்) பக்கச் சட்டத்தை உட்புறத்தில் அராவி இடம் எடுக்க வேண்டும். பெட்டிகளுக்கு வழக்கமான 26 மி.மீ. கூர்முனை அச்சு சரிவராது. இரண்டு சக்கரங்களின் வெளிமுகத்துக்கு வெளிமுகம் 23.9 மி.மீ. ஆகிவிடுவதால் இரு பக்கமும் ஒரு மி.மீ.தான் மிஞ்சும். சக்கரம் அச்சுப் பெட்டியில் உரசும். 28 மி.மீ. அச்சுப் போட்டால் உரசல் போகும்.

நாலு சக்கரப் பெட்டி 50 கிராம் அளவில் நிறை இருக்க வேண்டும், ஓர் அச்சாவது மேலும் கீழும் ஆட வேண்டும். இந்த நியமத்தில் சக்கர விளிம்பின் ஆழம் அரை மி.மீ.கூட இல்லை. நாலு சக்கரமும் இறுகி நின்றால் சிறு மேடு பள்ளத்திலேயே ஒன்று தூக்கிக்கொண்டு நிற்கும்.

அடிப்பலகை விஷயத்தில் வெளிநாட்டவர் எழுதுவதை அப்படியே நம்ப வேண்டாம். எம்.டி.எஃப். பலகை மாரியில் ஊதிப்போகும். 9 அல்லது 12 மி.மீ. மரைன் பிளைவுட் எடுத்து, வெட்டிய விளிம்பும் அடிப்பக்கமும் உட்பட எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூச வேண்டும். மேற்பக்கம் மட்டும் பூசிய பலகை ஈரத்தில் வளையும். கச்சான் அடிக்கும் மாதங்களில் அதே பலகை காய்ந்து சுருங்கும். தண்டவாளத்துக்கும் அப்படித்தான்: காலையில் போட்ட ஒரு மீற்றர் நீளம், வெப்பம் 15 பாகை ஏறினால் கால் மி.மீ. நீளும். மீற்றருக்கு அரை மி.மீ. வெட்டு விடாமல் நாலு பலகை தொடர்ந்து போட்டவர் மத்தியானம் வந்து பார்த்தால் பாதை பாம்பாக நெளிந்திருக்கும்.

1.2 மீற்றர் பலகை நாலு, பின்னால் ரயில்கள் பார்வைக்கு மறைந்து நிற்கும் ஒளிப்பிடத்துக்கு இன்னொன்று என்றால் ஒரு சிறிய நிலையத்துக்குப் போதும். வட்டமாகப் போட ஆசைப்பட வேண்டாம். நீளமான பயணிகள் பெட்டி ஒழுங்காக ஓட வளைவின் ஆரை 1.2 மீற்றராவது வேண்டும், அப்படி வட்டம் போட்டால் பாடசாலை வகுப்பறையின் பாதி போய்விடும். பலகை மூட்டுகளைப் பித்தளை டவலால் (துளையில் பொருந்தும் முளையால்) நிலைநிறுத்தி போல்ற்றால் இறுக்க வேண்டும். போல்ற் மட்டும் போட்டால் ஒவ்வொரு முறை பூட்டும்போதும் தண்டவாளம் அரை மி.மீ. விலகும், இந்தச் சக்கரம் அதை மன்னிக்காது. மூட்டின் இரு பக்கமும் தண்டவாள முனைகளைப் பலகையில் இறுக்கிய பித்தளைத் திருகாணியில் சோல்டர் பண்ண வேண்டும். ஏற்றி இறக்கும்போது முதலில் அடிபடுவது அந்த முனைதான்.

ஒளிப்பிடத்துக்கு நாங்கள் சிபாரிசு செய்வது கசற் முறை. எந்த ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்கும் அலுமினியக் கோணச்சட்டம் இரண்டை, உள்ளிடைவெளி 21 மி.மீ. வரும்படி பிளைவுட் கீலத்தில் ஒட்டினால் அதுவே பாதை. முழு ரயிலையும் தொடாமல் தூக்கித் திருப்பி வைக்கலாம். பொயின்ட்டுகள் வேண்டாம். செலவும் குறைவு.

கரன்ட் பற்றிச் சுருக்கமாக: தண்டவாளத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் தனி வயர், அடியில் 1.5 சதுர மி.மீ. பிரதான வயர். மூட்டுத் தகட்டை நம்பக் கூடாது. மண்டபத்தின் 230 வோல்ற்றை ட்ரிப் சுவிட்ச் வழியாகவே எடுக்க வேண்டும். ட்ரான்ஸ்ஃபோமர் மேசைக்கு அடியில் சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும், பலகைக்கு மேலே 12 வோல்ற்றுக்குக் கூடிய எதுவும் வரக் கூடாது.

இனி ஏற்பாட்டாளர்களுக்கு. முதல் நாள் மாலையே மண்டபத்தைத் திறந்து நாலு மணித்தியாலமாவது தாருங்கள். தொடக்க விழாவுக்கு அரை மணி முன்னர் கதவு திறந்தால் பலகையை நீர்மட்டம் பார்க்கவே நேரம் இராது. யன்னலோரம் வேண்டாம், வெயில் விழும். சீலிங் ஃபேனுக்கு நேர் கீழும் வேண்டாம், அது புழுதியைக் கொண்டுவந்து தண்டவாளத்தில் போடும். தண்டவாளத்தை ஐசோப்ரோபைல் அல்கஹோல் தொட்ட பருத்தித் துணியால் காலையிலும் மதியத்திலும் துடைத்தால் போதும். மண்ணெண்ணெய் பிசுக்கை விடும், மணல்தாள் போடும் கீறலில் அழுக்குக் குடியேறும். இரவில் பொலித்தீன் போட்டு மூடினால் உள்ளே வியர்க்கும். பழைய பருத்திப் பெட்ஷீற் நல்லது, பல்லி எச்சத்தையும் அது தாங்கும்.

மேசையின் உயரத்தைப் பற்றி அவரவர் ஒன்று சொல்வார்கள். பெரியவர் கண்ணுக்கு 1.2 மீற்றர்தான் அழகு. பாடசாலைக் கண்காட்சியில் நாங்கள் ஒரு மீற்றருக்கே வாக்களிப்போம், பிள்ளைகள் எட்டி நின்று பலகை விளிம்பைப் பிடித்துத் தொங்கக் கூடாது. முன்னால் 60 செ.மீ. தள்ளிக் கயிறு கட்டுங்கள்.

ஓட்டும் வேகத்திலும் கண்டிப்பு வேண்டும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகம் இந்த அளவுத்திட்டத்தில் செக்கனுக்கு 14.6 செ.மீ. அதாவது ஒரு பலகையைக் கடக்க எட்டுச் செக்கன். கூட்டம் 'இன்னும் வேகமாக' என்று கேட்கும். கொடுத்தால் அது விளையாட்டுச் சாமானாகிவிடும். அதற்குப் பதிலாக இரண்டு நிமிடத்துக்கு ஒரு அசைவு இருக்கும்படி ஓட்ட ஒழுங்கை எழுதி வையுங்கள். ஓட்டுபவர் ஒருவர், விளக்கம் சொல்பவர் ஒருவர், மணிக்கொரு தடவை மாறட்டும். ஒருவரே இரண்டையும் செய்தால் பேச்சு நடுவில் ரயில் தாங்குகட்டையில் போய் மோதும்.

பிள்ளைகள் தொடுவதற்கென்று வேறொரு சிறு பலகை கட்டாயம் வேண்டும். 16.5, 18.83, 21, 22 மி.மீ. என்று ஒரு சாண் நீளத்தில் நாலு பாதை பக்கத்துக்குப் பக்கம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சோடிச் சக்கரம் நூலில் கட்டி விடுங்கள். 16.5க்குரியதை 22இல் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு அது ஏன் உள்ளே விழுகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மண்டபத் தரையில் வர்ண நாடாவால் 1600 மி.மீ. இடைவெளியில் ஒரு சோடிக் கோடும், 1676 மி.மீ. இடைவெளியில் இன்னொன்றும் முழு அளவில் ஒட்டலாம். முதலாவது அயர்லாந்து. இரண்டாவது 1927 இலிருந்து கல்ஓயாச் சந்தியில் பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாக எங்கள் ஊருக்கு வரும் பாதை. புகையிரத நிலையத்தில் போய் அளக்கச் சொல்லிப் பிள்ளைகளைத் தண்டவாளத்தில் இறக்கும் எண்ணம் யாருக்கும் வர வேண்டாம்.

விளக்கப் பலகை தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும், எழுத்து ஒன்றரை மீற்றர் தூரத்தில் வாசிக்கும் அளவில். மாதம் பார்த்து வைப்பதென்றால் நவம்பர், டிசம்பர், ஜனவரியைத் தவிர்த்து, மாரி ஓய்ந்து கச்சான் தொடங்குமுன் வரும் மாசி, பங்குனியில் மண்டபத்தைப் பதிவு செய்யுங்கள்.

இங்ஙனம்,
மாதிரிப் புகையிரத ஆர்வலர் சிலர்,
திருகோணமலை.