தராசில் ஓர் எடை, ரசீதில் வேறோர் எடை

ஆசிரியருக்கு வணக்கம்.

சம்பா அறுவடை வந்துவிட்டால் டெல்டாவில் மின்னணு தராசுக்கு ஓய்வே கிடையாது. கொள்முதல் நிலையமோ, அரிசி ஆலையோ, வியாபாரியின் களமோ, தராசைக் கணினியோடு இணைத்த இடங்களில் டிஸ்பிளேயில் தெரிந்த எடை ரசீதில் வராமல் போவதுண்டு. 'கேபிள் ஸ்லோ' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கேபிள் மேல் பிழை இல்லை. 9600 பாட் ரேட்டில் (கேபிளில் தகவல் போகும் வேகம்) 18 எழுத்துள்ள ஓர் எடை வரி போய்ச் சேர 19 மில்லி நொடிதான் ஆகும். 1200-இல் வைத்தாலும் 150 மில்லி நொடி.

தாமதம் முதலில் தராசுக்குள்ளேயே இருக்கிறது. மேடைக்கு அடியில் பாரத்தை உணரும் லோடு செல் தரும் அளவுகளைச் சராசரி எடுத்துத்தான் தராசு காட்டும். நொடிக்கு 10 அளவு எடுத்து, 8 அளவுக்குச் சராசரி போட்டால் முழு எடை தெரிய 0.8 நொடி ஆகும். பக்கத்தில் தூற்றும் இயந்திரம் ஓடினால் எண் ஆடும். அதை அடக்க இந்தச் சராசரியை, அதாவது பில்டரை, கூட்டி வைப்பார்கள். தாமதம் 2, 3 நொடிக்குப் போய்விடும். எண் ஏறி முடிவதற்குள் எடையைப் பதியும் பட்டனைத் தட்டினால் எடை குறைவாகப் பதியும். 40 கிலோ மூட்டையான சிப்பத்துக்கு 200 கிராம் போனால் 100 சிப்பத்துக்கு 20 கிலோ, அதாவது அரைச் சிப்பம் நெல். பில்டரைக் கூட்டுவதைவிட இயந்திரத்தைத் தள்ளி வைப்பதே சரி.

இன்னொன்று கணினியில். தராசு நொடிக்கு 10 வரி அனுப்ப, மென்பொருள் 4 வரி மட்டும் படித்தால் மீதி 6 வரி பஃபரில், அதாவது வந்த வரிகள் காத்திருக்கும் தற்காலிக நினைவகத்தில், தேங்கும். 10 நொடியில் 60 வரி. அதைப் படித்துத் தீர்க்கவே 15 நொடி வேண்டும். தராசில் புதுச் சிப்பம் இருக்க, திரையில் முந்தைய சிப்பத்தின் எடை நிற்பது இதனால்தான். எடை கேட்கும்போது மட்டும் தராசு பதில் அனுப்பும்படி மாற்றினால் இது தீரும். தொடர்ந்துதான் அனுப்பும் என்றால், ஒவ்வொரு பதிவுக்கும் முன் பஃபரைக் காலி செய்துவிட்டு அடுத்து வரும் முழு வரியை எடுக்க வேண்டும்.

பல தராசுகள் எடையோடு 'எஸ்டி', 'யூஎஸ்' என்ற குறியையும் அனுப்புகின்றன. எஸ்டி என்றால் நின்ற எடை, யூஎஸ் என்றால் ஆடும் எடை. சில மென்பொருள்கள் இந்தக் குறியை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. இதுதான் பெரிய தப்பு. எடை நிலைக்காதபோது அச்சிடக் கூடாது என்பது சட்டமுறை எடையளவுக்கான சர்வதேச அமைப்பான ஓஐஎம்எல்-இன் ஆர் 76 என்னும் பரிந்துரையிலேயே இருக்கிறது.

சோதிப்பது எளிது. அரை மணி நேரம் எடை போட்டபின், முத்திரையிட்ட 20 கிலோ படிக்கல்லை மேடையில் வைத்து எடுங்கள். டிஸ்பிளே பூஜ்யத்துக்கு வந்த பிறகும் கணினித் திரையில் 20 கிலோவோ அதற்கு முந்தைய எடையோ நின்றால் வரி தேங்குகிறது. கல்லை மீண்டும் வைத்த கையோடு பட்டனைத் தட்டுங்கள். 20 கிலோவுக்குக் குறைவாகப் பதிந்தால் மென்பொருள் எஸ்டி குறியைப் பார்க்கவில்லை.

ஆண்டுதோறும் முத்திரையிட வரும் ஆய்வாளர்கள் தராசின் டிஸ்பிளேயோடு நிறுத்தாமல், கணினி இணைந்த இடங்களில் இந்த இரண்டையும் செய்து பார்த்து, ரசீதில் விழும் எடையையும் சரிபார்க்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
எடைக்கருவி பழுதுபார்ப்போர்,
மன்னார்குடி