முடியில்லா நாய்க்கும் பராமரிப்பு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெக்சிகோவின் ஷோலோயிட்ஸ்குவின்ட்லி (சுருக்கமாக ஷோலோ) நாயைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் ‘முடியில்லை, அதனால் வேலையும் இல்லை’ என்று முடித்துவிடுகிறார்கள். சீவும் வேலையும் உதிர்ந்த முடியைக் கூட்டும் வேலையும் இல்லைதான். ஆனால் அந்த வேலை முழுக்கத் தோலுக்கு வந்து சேர்கிறது.

புதிதாக வளர்ப்பவர்கள் கெடுப்பது பெரும்பாலும் எண்ணெயால்தான். தோல் வெறுமையாகத் தெரிகிறதே என்று தினமும் எதையாவது தடவுகிறார்கள். துவாரங்கள் அடைத்து, முதுகில் கரும்புள்ளிகள் தோன்றி, பிறகு பருவாகிச் சீழ் வைக்கிறது. இளம் பருவத்தில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஒரு குளியல், நாய்க்கான மென்மையான ஷாம்பு, வெதுவெதுப்பான நீர் போதும். நுரை தங்காமல் அலசுவது முக்கியம். செதில் எழும் இடத்தில் மட்டும் வாசனையற்ற லோஷனை மெல்லியதாகத் தடவலாம். சில லோஷன்களில் உள்ள லேனோலின் என்ற கம்பளிக் கொழுப்பு சில நாய்களுக்கு ஒவ்வாது. முதலில் சிறிய இடத்தில் தடவிப் பார்க்க வேண்டும். கரும்புள்ளியைப் பிதுக்கவே கூடாது. அது உள்ளே உடைந்து கிருமி பரவும். மருத்துவர் பென்சாயில் பெராக்சைடு ஷாம்பு தந்தால் 10 நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். அது தோலை உலர்த்தும். அவர் சொன்ன இடைவெளியைச் சுருக்க வேண்டாம்.

வெளிர் திட்டுள்ள தோல் வெயிலில் சீக்கிரம் புண்ணாகும். வெயில் க்ரீம் பூசுவதானால் துத்தநாக ஆக்சைடும் சாலிசிலேட்டும் இல்லாததாகப் பாருங்கள். நாய் நக்கினால் இரண்டும் நஞ்சு.

இதற்கு உடற்சூடு அதிகம் என்பது பழைய நம்பிக்கை. எல்லா நாய்களையும் போல 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ்தான். இடையில் ரோமம் இல்லாததால் கைக்குச் சூடாகப் படுகிறது. அதே காரணத்தால் வெப்பத்தை வேகமாக இழக்கவும் செய்யும். குளிரில் உடுப்பு தேவை. மயக்க மருந்து கொடுக்கும்போது சூடாக வைக்க ஏற்பாடு உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

பல் குறைவதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். முடியை நீக்கும் ஃபாக்ஸ்ஐ3 மரபணு மாற்றமே பற்களையும் குறைக்கிறது என்பது 2008-இல் தெரியவந்தது. முன்கடைவாய்ப் பற்கள் இல்லாமலிருப்பது சகஜம். இருப்பவற்றை நாய்க்கான பற்பசையால் துலக்க வேண்டும். மனிதப் பற்பசையில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் ஆபத்து.

முடியில்லா ஜோடிக்கு முடியுள்ள குட்டி பிறந்தால் அது கலப்பல்ல. அந்த மரபணு மாற்றத்தின் இரண்டு பிரதிகளைப் பெற்ற கரு பிழைப்பதில்லை. எனவே முடியில்லா ஷோலோ எல்லாமே ஒரு பிரதி கொண்டவை. அப்படிப்பட்ட இரு நாய்கள் இணைந்தால் பிறக்கும் குட்டிகளில் சராசரியாக மூன்றில் ஒன்று முடியோடு வரும். ‘எல்லாக் குட்டியும் வழுவழுப்பாகவே பிறக்கும்’ என்று உறுதி தரும் விற்பனையாளரை நம்ப வேண்டாம்.

பல்லையும் மரபணுவையும் பற்றிச் சொன்னவை இன்னொரு முடியில்லா இனமான அமெரிக்க ஹேர்லெஸ் டெரியருக்குப் பொருந்தாது. அதில் காரணம் வேறொரு ஒடுங்கு மரபணு, அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுவது. பற்கள் முழுமையாக இருக்கும். அந்த நாய்க்குப் பல் குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்