காலாவதியான மருந்துகள் குறித்து மருந்து வாரியான அரசு வழிகாட்டுதல் வேண்டிக் கோரிக்கை மனு

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை.

பொருள்: காலாவதித் தேதி கடந்த மருந்துகளின் பாதுகாப்பும் வீரியமும் பற்றிப் பொதுமக்களுக்குத் தெளிவான வழிகாட்டுதல் வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், தேதி கடந்த மருந்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு மக்களுக்கு அதிகாரப்பூர்வமான, முழுமையான பதில் கிடைக்க வேண்டும் என்பதற்காக இம்மனுவைத் தங்கள் மேலான பார்வைக்குச் சமர்ப்பிக்கிறேன். எல்லா மருந்துக்கும் பொதுவாக 'தேதி கடந்தால் பயன்படுத்தாதீர்கள்' என்று மட்டும் சொல்லி வருவதால், ஒரு சாரார் நல்ல மருந்தையும் பயந்து எறிந்துவிடுகிறார்கள்; அந்த எச்சரிக்கையை நம்பாத இன்னொரு சாரார், உயிருக்கே ஆபத்தான மருந்தையும் சாதாரண வலி மாத்திரையைப் போலவே எடுத்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டாவது நிலைதான் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்கிறது.

அட்டையில் அச்சிட்டிருக்கும் தேதி, மருந்து நஞ்சாக மாறும் நாளைக் குறிப்பதன்று. உறை பிரிக்காமல், குறிப்பிட்ட வெப்பநிலையிலும் ஈரப்பதத்திலும் வைத்திருந்தால் அந்த நாள்வரை மருந்தின் வீரியமும் தரமும் குறையாது என்று உற்பத்தியாளர் அளிக்கும் உறுதியே அது. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலும் எவரும் சோதிப்பதில்லை. சோதித்துப் பார்த்த முக்கியமான முயற்சி ஒன்று உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமும் 1986-ஆம் ஆண்டு முதல் இராணுவ இருப்பில் உள்ள மருந்துகளைச் சோதித்து வருகின்றன. 2006-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, 122 மருந்துகளைச் சேர்ந்த 3,005 உற்பத்தித் தொகுதிகளில் (ஒரே முறையில் சேர்த்துத் தயாரிக்கப்பட்டவை ஒரு தொகுதி) 88 விழுக்காடு, தேதி கடந்தும் குறைந்தது ஓராண்டு தரம் குன்றாமல் இருந்தன. ஆனால் அவை உறை பிரிக்கப்படாமல், முறையான கிடங்கில் இருந்தவை என்பதையும், ஒரே மருந்தின் தொகுதிக்குத் தொகுதி முடிவு பெரிதும் வேறுபட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குளியலறை அலமாரியிலோ வெயில் படும் வாகனத்திலோ கிடந்த மாத்திரைக்கு இந்த எண்களைப் பொருத்திப் பார்க்க இயலாது.

வீரியம் குறைவதால் வரும் கேடு கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே இதில் உள்ள பெரிய சிக்கல். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின், காற்றும் வெளிச்சமும் பட்டால் விரைவில் வலுவிழக்கும். வலி வந்த நேரத்தில்தான் நோயாளிக்கு அது தெரியவரும். இன்சுலின் குப்பியைத் திறந்துவிட்டால், பெரும்பாலான வகைகளுக்கு ஏறத்தாழ 28 நாள்களே ஆயுள். நீர் கலந்த ஆன்டிபயாட்டிக் சிரப்புகள் பல, 7 முதல் 14 நாள்களுக்குள் தீர்க்கப்பட வேண்டியவை. இவற்றின் பெட்டியில் உள்ள தேதியோ இன்னும் ஓராண்டு இருப்பதாகக் காட்டும். திறந்த கண் சொட்டு மருந்தில் கிருமி வளர்ந்தால் பார்வைக்கே கேடு. வீரியம் குறைந்த ஆன்டிபயாட்டிக்கால் தொற்று முழுமையாக அடங்காமல், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக இடமுண்டு. தேதி கடந்த மருந்து நேரடியாக நச்சாகும் நிகழ்வு அரிது. சிதைந்த டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை உட்கொண்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாக 1963-இல் பதிவானதே பரவலாக அறியப்பட்டது. அரிது என்பதற்காக அதைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

இதற்கு மாறான நிலைமையும் உண்டு. கடும் ஒவ்வாமையில் மூச்சுத் திணறும் ஒருவரிடம் தேதி கடந்த எபிநெஃப்ரின் ஊசி மட்டுமே இருக்கிறது. கரைசல் நிறம் மாறவில்லை, கலங்கவும் இல்லை. அந்த நிலையில் அதைப் போட்டுவிட்டு உடனே அவசர உதவியை அழைப்பதே, ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மேல் என்பது மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் அறிவுரை. 'பயன்படுத்தாதீர்கள்' என்ற ஒற்றைச் சொல்லை நம்பி ஊசியை ஒதுக்கி வைப்பவருக்கு இதை யார் சொல்வது?

ஆகவே, தேதி கடந்தால் எக்காரணம் கொண்டும் நம்பக்கூடாத மருந்துகள் எவை, வேறு வழியே இல்லாத அவசரத்தில் மட்டும் கருதத்தக்கவை எவை என்பதை மருந்து வாரியாகப் பிரித்து, மக்கள் பேசும் மொழியில் தங்கள் துறை வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். திறந்த பிறகான ஆயுளையும், திறந்த நாளை எழுதிக்கொள்ள ஓர் இடத்தையும், முதியவர்கள் படிக்கும் அளவு எழுத்தில் உறையிலேயே அச்சிட உற்பத்தியாளர்களுக்கு உத்தரவிட வேண்டும். என் கருத்தில் இந்தக் கோரிக்கையே எல்லாவற்றிலும் அவசரமானது, செலவும் குறைந்தது. மருந்துத் தட்டுப்பாடு நேரும்போது, ஆய்வகத்தில் சோதித்த தொகுதிகளுக்கு மட்டும் எண் குறிப்பிட்டுக் கால நீட்டிப்பு வழங்கலாம். அந்த முடிவைத் துறை மட்டுமே எடுக்க வேண்டும், விற்பனையாளர் எடுக்கக் கூடாது. வீணான மருந்துகளைக் கழிவுநீரில் கொட்டாமல் திரும்ப ஒப்படைக்க மருந்தகங்களில் வசதி செய்து தரவும் வேண்டுகிறேன்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர்